குவியல் பார்க்கும் கை

கம்பி அண்ணனை நல்லவர் என்று சொல்லிவிடத்தான் எனக்கும் ஆசை. ஆனால் நல்லவர், கெட்டவர் என்று ஆட்களைப் பிரித்து வைக்க நான் யார்? நான் எடை மேடையில் உட்கார்ந்து லாரிகளை எடை போடுகிறவள். உள்ளே வரும்போது எவ்வளவு, வெளியே போகும்போது எவ்வளவு, அதோடு என் வேலை முடிந்தது. அவரைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் யார்டுக்கு மரம் வராது, மரப்பட்டைதான் வரும். பக்கத்து அறுவை மில்லில் மரத்தை உரித்து எடுத்துக்கொண்டு தோலை எங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். அதை மலை மாதிரி கொட்டி, கோழி எருவைக் கலந்து, தண்ணீர் காட்டி, ஒரு வருஷத்துக்கு மேல் போட்டு வைத்தால் கறுத்து உதிர்ந்து செடி வைக்கிற மண்ணாகிவிடும். மூட்டை கட்டி விற்பார்கள். மூட்டை மேல் ஒரு பூ சிரித்துக்கொண்டிருக்கும். அந்தப் பூவை ஒரு நாள் எங்கள் யார்டில் உட்கார வைத்து மூச்சு விடச் சொன்னால் தெரியும் சேதி.

இதில் உண்மையாக வேலை செய்வது நாங்கள் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. கம்பி அண்ணன் அவற்றைப் 'பசங்க' என்பார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களைக் குவியல் பக்கத்தில் நிறுத்தி ஒரு பிரசங்கம் செய்யாமல் விடமாட்டார்.

"பட்டைங்கிறது மரத்தோட சட்டை. பூச்சி, புழு, மழை ஒண்ணும் உள்ள போயிடக்கூடாதுன்னு மரம் அத அவ்வளவு கெட்டியாத் தைச்சுப் போட்டிருக்கு. அதத் தின்னு செரிக்கிறது லேசுப்பட்ட வேலையில்ல. பசங்க மொதல்ல இனிப்பா இருக்கிறத எல்லாம் தின்னு தீப்பானுங்க. அப்பத்தான் குவியல் சூடாகும். அப்புறம் கெட்டியான பாகத்துல வாய் வெப்பானுங்க. அதுக்கு மாசக்கணக்காகும். சோறு, தண்ணி, காத்து மூணும் சரியாக் குடுத்தா சத்தமில்லாம வேலையப் பாப்பானுங்க. ஒண்ணு கொறஞ்சாலும் முரண்டுதான்."

"முரண்டு பிடிச்சா என்னாகும்ணே?"

"ஒண்ணு நாறும். இல்லன்னா எரியும்."

சொல்லிவிட்டுக் குவியலின் மேல்தோலைக் காலால் விலக்கிக் காட்டுவார். உள்ளே பட்டைத் துண்டுகளின் மேல் வெள்ளையாக, சாம்பல் பூத்த மாதிரி ஒன்று படர்ந்திருக்கும். "சாம்பல்னு நெனச்சியா? இதுவும் பசங்கதான். மோந்து பாரு." மழை விட்டதும் மண்ணிலிருந்து வருமே, அந்த வாசனை வரும். அந்த ஒரு நிமிஷம் மட்டும் எங்கள் யார்டு கொஞ்சம் அழகாகத் தெரியும்.

குவியல் சூடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பசங்க தூங்குகிறார்கள் என்று அர்த்தம். ஆனால் அளவுக்கு மீறிச் சூடு ஏறினால் உடனே பிரித்துப் புரட்டிப்போட்டு ஆற வைக்க வேண்டும். அந்த அளவைச் சொல்வதுதான் கம்பி அண்ணனின் வேலை. ஆள் உயரத்துக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி ஒன்று வைத்திருந்தார். அதைக் குவியலில் முழுசாகச் செருகிவிட்டு, போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார். வந்து உருவியெடுத்து, உள்ளே இருந்த நுனியை வலது உள்ளங்கையில் பொத்திப் பிடிப்பார். பிடித்தபடி நிற்க முடிந்தால் சரி. வெடுக்கென்று விட வேண்டியிருந்தால் குவியலைப் பிரிக்கச் சொல்வார். இதற்குத்தான் அவருக்கு அந்தப் பெயர். "கம்பி நீட்டிட்டுப் போறவங்கள நெறையப் பாத்திருக்கேன், கம்பியப் புடிச்சுக்கிட்டே காலத்த ஓட்டுறவரு நீங்க ஒருத்தர்தான்" என்று நான் கேலி செய்வேன். அவருக்கு அந்தக் கேலி பிடிக்கும். ஒரு டீ வாங்கித் தருவார்.

குவியல் மேல் பட்டையைத் தள்ளுகிற லோடர் வண்டியை ஓட்டியது அவருடைய மனைவியின் தம்பி. இவர் "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டு, யார்டு மொத்தத்துக்கும் அவன் மாப்பிள்ளை ஆகிவிட்டான். அவன் மனைவியே கூட ஒருமுறை கேட்டில் வந்து "மாப்பிள்ளை இருக்காரா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவனை வேலையில் சேர்த்துவிட்டது கம்பி அண்ணன்தான். வாய் ஓயாத பையன். எடை மேடையைக் கடக்கும்போதெல்லாம் "அக்கா, என்னையும் ஒரு எடை போடுங்க, கல்யாணத்துக்கப்புறம் ஏறிட்டேனாம்" என்பான்.

குவியல் இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பழைய பேச்சு. பட்டை வரத்து கூடிக்கொண்டே போனது, யார்டு பெரிதாகவில்லை. இடம் இல்லை என்றால் மேலே போ என்றார் மானேஜர். குவியல் நான்கு ஆள் உயரம் ஆனது. அவ்வளவு உயரத்துக்குத் தள்ள வேண்டுமானால் லோடர் குவியல் மேலேயே ஏறியாக வேண்டும். அது ஏறி ஏறி மிதித்ததில் உள்ளே இருந்த காற்றெல்லாம் போய்விட்டது. கம்பி அண்ணன் இதைச் சொல்லிப் பார்த்தார், இரண்டு மூன்று முறை. அப்புறம் சொல்வதை விட்டுவிட்டார்.

ஏறுவதற்கு முன் மாப்பிள்ளை ஒரே ஒரு கேள்விதான் கேட்பான்.

"மாமா, சூடா?"

"சூடு இல்ல. ஏறு மாப்ள."

அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறுவான். ஒரு மனுஷனின் கையை இன்னொரு மனுஷன் அந்த அளவுக்கு நம்பி நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

லேப் மேடம் என்று ஒருத்தி மாதத்துக்கு ஒரு தடவை வந்து மண்ணை எடுத்துப் போவாள். அவள்தான் ஒரு நீள தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணே, கையால பாக்கிறது போதாது. சூடு ரொம்ப ஏறிட்டா பாக்டீரியாவே செத்துடும். அதுக்கப்புறம் குவியல் சூடாகிறதுக்கு அதுங்க தேவையில்ல. தானாவே ஏறிக்கிட்டுப் போகும். உள்ளுக்குள்ளேயே எரிஞ்சு பொந்தாயிடும். வெளிய ஒண்ணும் தெரியாது."

"தெரியும் மேடம். பசங்க பத்த வெச்சுட்டுச் செத்துப்போயிடுவானுங்க."

"அப்ப இத வெச்சுப் பாருங்க."

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு மேடம்?" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் மரியாதைக்குச் சிரித்துவிட்டுப் போனாள். தெர்மாமீட்டர் ஷெட்டில் ஆணியில் தொங்கியது. சிலந்தி அதில் குடித்தனம் வைத்தது.

படிக்காதவன் சொல்வதுதான் கடைசியில் சரியாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை நம் ஆட்களுக்கு உண்டு. அன்றைக்கு அந்தப் பெண் சொன்னதுதான் சரி.

ஏனென்றால் கம்பி அண்ணனின் கை அப்போதே செத்துவிட்டிருந்தது. சர்க்கரை வியாதி. முதலில் பாதத்தில் உணர்ச்சி போனது. ஒரு நாள் சாயங்காலம் அவர் வேலை முடிந்து தெருவில் வருகிறார், ஒரு காலில்தான் செருப்பு இருக்கிறது. இன்னொன்று எங்கே கழன்று விழுந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. நான் சிரித்தேன். அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், வாசலுக்கு வந்து என்னை முறைத்தாள். "புதுச் செருப்பு, வழுக்கிடுச்சு. இதுல சிரிக்க என்ன இருக்கு?" புதுச் செருப்பு இல்லை அது. தேய்ந்து காகிதம் மாதிரி இருந்தது. எனக்கெதற்கு வம்பு என்று உள்ளே போய்விட்டேன்.

பிறகு அது விரல் வழியாக உள்ளங்கைக்கு வந்திருக்கிறது. அடுப்பிலிருந்த பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கி, நிதானமாக நடந்துபோய்க் கீழே வைத்திருக்கிறார். அண்ணி பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து இந்த விஷயம் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். யார்டு குவார்ட்டர்ஸில் அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். பின்கட்டில் குளியலறைகளும் ஒட்டி ஒட்டி. தினமும் காலையில் அண்ணியின் குரல் கேட்கும். வாளியில் கை விட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வாள்.

"சூடு இல்ல, வாங்க."

நான் அதைக் கொஞ்சல் என்று நினைத்தேன். இந்த வயசிலும் புருஷனுக்குத் தண்ணீர் பதம் பார்த்து வைக்கிறாளே, நம் வீட்டில் ஒன்று இருக்கிறதே என்று பெருமூச்சு விட்டிருக்கிறேன்.

ஏன் மறைத்தார்கள் என்று கேட்கலாம். கை போய்விட்டது என்று தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். இது ஒரு பாதி. மீதிப் பாதியை அண்ணி என்னிடம் பின்னால் சொன்னாள். "அந்தக் கைதாம்மா அவரு. கை இல்லன்னா அவர யாரு கம்பின்னு கூப்பிடுவா?" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி, தினமும் எல்லோர் கண்ணெதிரிலும் மறைத்தார்கள்.

அவளாவது தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டாமா? அதற்கும் அவளிடம் ஒரு சமாதானம் இருந்தது. ஆள் இல்லாதபோது கம்பி அண்ணன் கம்பி நுனியைக் கையில் பிடிப்பதில்லை. கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார். கன்னத்தில் உணர்ச்சி இருந்தது. அதை வீட்டில் வந்து அவளிடம் சொல்லவும் சொல்லியிருக்கிறார். கன்னம் இருக்கிறதே, பார்த்துக்கொள்வார் என்று அவள் நம்பினாள். நம்பிக்கொண்டே காலை நேரத்தில் தம்பி எங்கள் வாசலைத் தாண்டி வேலைக்குப் போகும்போதெல்லாம் அவன் தலை மறைகிற வரை நின்று பார்ப்பாள். அக்கா பாசம் என்று அதையும் தப்பாகத்தான் நினைத்தேன்.

அந்த நாளுக்கு முன் ஒரு வாரம் விடாத மழை. யார்டு சேறாகிவிட்டது, லோடர் ஏறவில்லை. மழை விட்ட காலையில் பட்டை லாரிகள் எடை மேடையிலிருந்து தெருமுனை வரை நின்றன. கோழி எரு லாரியும் சேர்ந்து வந்திருந்தது. கோழி எரு இறங்குகிற நாளில் எங்களுக்கு மூக்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். உள்ளே கருகிய வாடை வந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. மானேஜர் குடையை மடக்கிக்கொண்டு குவியல் பக்கத்தில் நின்றார். லாரி டிரைவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"என்னய்யா, ஏத்தலாமா வேண்டாமா? வண்டியெல்லாம் நிக்குது" என்றார் மானேஜர்.

"கம்பி போட்டிருக்கேன் சார். உருவிப் பாத்துட்டுச் சொல்றேன்."

உருவினார். அத்தனை பேர் சுற்றி நிற்கும்போது கன்னத்தில் வைத்துப் பார்க்க முடியுமா? உள்ளங்கையில் பொத்திப் பிடித்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்திருந்தார். ஒரு டிரைவர், "யப்பா, என்ன கைய்யா இது!" என்றான். கம்பி அண்ணன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. என் கண்ணாடி ஜன்னல் வழியாக நானும் அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

"மாமா, சூடா?"

"சூடு இல்ல. ஏறு மாப்ள."

மாப்பிள்ளை ஏறினான். லாரிகள் ஒவ்வொன்றாகக் கொட்டக் கொட்ட மேலே தள்ளிக்கொண்டே இருந்தான். நான் பாட்டுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் கம்பி அண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போனார். அதன் பிறகு நடந்ததை அண்ணி பல தடவை சொல்லியிருக்கிறாள், ஒரு வார்த்தை மாறாமல். குழாயடியில் அவர் கை கழுவிக்கொண்டு நிற்கிறார். அவள் துண்டை நீட்டுகிறாள். வலது உள்ளங்கை நடுவில், கம்பியின் பருமனுக்கு, நீளமாக ஒரு கொப்புளம். தோல் வெளுத்து நீர் கோத்து நின்றிருக்கிறது.

"இது எப்ப ஆச்சு?"

"எது?"

அவர் குனிந்து தன் கையையே புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அந்த "எது?" தான் தன்னைக் கொன்றது என்பாள் அண்ணி.

"காலையில கம்பி புடிச்ச கைதானே இது? கன்னத்துல வெச்சுப் பாத்தீங்களா?"

அவர் துண்டை வாங்கிக் கையைச் சுற்றிக்கொண்டார்.

"என் தம்பி எங்க?"

கை பொத்துப்போகிற அளவுக்குக் கம்பி சுட்டிருக்கிறது என்றால் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அத்தனை வருஷம் சாப்பாட்டுத் தட்டோடு சேர்த்து அந்தப் பேச்சைத்தானே கேட்டிருக்கிறாள்.

நான் எடை மேடையில் இருந்து பார்த்தேன். அண்ணி வெறுங்காலோடு கேட்டைத் தாண்டி ஓடி வந்தாள். பின்னால் கம்பி அண்ணன், ஒரு காலில் மட்டும் செருப்போடு. "எறங்குடா! டேய், எறங்குடா!" என்று அவள் கத்தியது இரும்புச் சத்தத்தில் எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. நானும் சீட்டை விட்டு எழுந்து ஓடினேன். மேலே மாப்பிள்ளை அக்காவைப் பார்த்துவிட்டான். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பான். சிரித்துக்கொண்டு கையைத் தூக்கி, இதோ வருகிறேன் என்று காட்டினான். வண்டியை எங்கள் பக்கம் திருப்பினான்.

லோடரின் முன்சக்கரம் இறங்கியது. சேற்றில் இறங்குகிற மாதிரிதான் முதலில் இருந்தது. அப்புறம் அதைச் சுற்றி இருந்த பட்டை முழுக்கச் சரிந்து உள்ளே போனது. உள்ளே பொந்து. வெள்ளைப் புகை வந்தது, காற்றுப் பட்டதும் தீ பிடித்தது. ஈரப் பட்டை அப்படி எரியும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. கம்பி அண்ணன் இரண்டு கையாலும் பட்டையைத் தோண்டிக்கொண்டு மேலே ஏறப் பார்த்தார். நான்கு பேர் சேர்ந்து அவரை இழுத்துப் போட்டார்கள். கை முழுக்க வெந்திருந்தது. அவருக்கு அதுவும் தெரியவில்லை.

மாப்பிள்ளையைச் சாயங்காலம்தான் எடுக்க முடிந்தது. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

பத்து நாள் கழித்து விசாரணை என்று ஆபீஸ் அறையில் எல்லோரையும் கூட்டினார்கள். மேலிடத்திலிருந்து இரண்டு பேர், மானேஜர், சங்கத்துக்காரர், லேப் மேடம். மூலையில் மாப்பிள்ளையின் மனைவி. பக்கத்தில் அண்ணி. கை இரண்டிலும் கட்டுப்போட்டுக்கொண்டு கம்பி அண்ணன். சரிவு நடந்ததைப் பார்த்தவள் என்பதால் நானும்.

மானேஜர் நன்றாகத் தயாராகி வந்திருந்தார். இது யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத விபத்து, மழைக்குப் பிறகு திடீரென்று ஏற்பட்டது என்றார். சங்கத்துக்காரரும் தலையாட்டினார். அந்தப் பேச்சு எல்லோருக்கும் வசதியாக இருந்தது. குவியல் ஏன் அவ்வளவு உயரம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கம்பி அண்ணனுக்கும் வேலை போகாது, வீடு போகாது. லேப் மேடம் மட்டும் "திடீர்னு நடக்காது சார்" என்று ஆரம்பித்தாள். அவளைக் கையமர்த்திவிட்டார்கள்.

அப்போது மாப்பிள்ளையின் மனைவி வாயைத் திறந்தாள். அன்றைக்கு அவள் பேசியது அது ஒன்றுதான்.

"அண்ணே, நீங்க புடிச்சுப் பாத்தீங்கல்ல?"

கம்பி அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பாத்தேம்மா."

"சூடு இல்லையா?"

"சூடு இல்லம்மா."

அவர் அதைப் பொய்யாகத்தான் சொன்னாரா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. அவர் கைக்கு அது சுடவில்லை என்பது உண்மைதானே.

அண்ணி எழுந்தாள். மெதுவாகப் போய் அவர் வலது கையைப் பிடித்துக் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தாள். "ஏய், என்ன பண்ற?" என்று அவர் தாழ்ந்த குரலில் கேட்டார். அவள் நிறுத்தவில்லை. புண் காயாத இடத்தில் துணி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை இழுத்துப் பிய்த்தாள். மேலிடத்து ஆள் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கம்பி அண்ணன் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

"பாத்துக்குங்க. இந்தக் கைக்கு ரொம்ப நாளா உயிர் இல்ல. கொதிக்கிறத ஊத்தினாலும் தெரியாது. இவரு குளிக்கிற தண்ணியில தெனமும் நான்தான் கை வெச்சுப் பாக்கிறேன்."

அவள் தம்பி மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியும். தெரிஞ்சும் என் தம்பிகிட்ட நான் சொல்லல. அவரத் திட்டு, என்னையும் சேத்துத் திட்டு."

அந்தப் பெண் திட்டவில்லை. எழுந்து வெளியே போனாள். அன்றிலிருந்து நாத்தனார் முகத்தில் அவள் விழிக்கவில்லை. ஒரே கடைத்தெருவில் எதிரெதிரே வந்தாலும் சுவரைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

கை செத்தவன் சொன்ன பொய்யால் வந்த வினை என்று மேலிடம் எழுதி முடித்துவிட்டது. மானேஜருக்கு அது முதலில் நினைத்ததைவிட நல்லதாகப் போனது. குவியலின் உயரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. யார் மேல் என்று கேட்டால் ஒவ்வொரு நாள் ஒவ்வொருவர் மேல். கம்பி அண்ணன் மேல், மானேஜர் மேல், "என்ன கைய்யா இது" என்று உசுப்பிவிட்ட அந்த டிரைவர் மேல். அண்ணி மேல் மட்டும் கோபப்பட முயன்று முயன்று பார்க்கிறேன், வரவில்லை.

குவார்ட்டர்ஸ் போயிற்று. அவர்கள் காலி செய்த அன்று நான்தான் சாமான்களை வண்டியில் ஏற்ற உதவினேன். இரும்புக் கம்பி ஷெட் வாசலிலேயே கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. இப்போது தெர்மாமீட்டர் வைத்துத்தான் பார்க்கிறார்கள். சிலந்தியைத் துடைத்துவிட்டார்கள்.

அந்தக் குவியலையும் பிரித்து, ஆற வைத்து, எருப் போட்டுத் திரும்ப மூடினார்கள். எரிந்த இடத்தைச் சுற்றிப் பசங்க மறுபடி வந்துவிட்டார்கள். சாம்பலும் கரியும் கலந்த அந்தப் பட்டையையும் அவர்கள் தின்றார்கள். அடுத்த வருஷம் அது கறுப்பாக, உதிரியாக, மழை வாசனையோடு மண்ணாகி வந்தது. பூ சிரிக்கிற மூட்டைகளில் கட்டி லாரியில் ஏற்றினார்கள். நான்தான் எடை போட்டு அனுப்பினேன்.

சென்ற வாரம் அவர்களைப் பார்க்கப் போனேன். ஊருக்குக் கோடியில் ஒற்றை அறை. பின்னால் தகரம் மறைத்த ஒரு குளியலிடம். கம்பி அண்ணன் ரொம்பவும் இளைத்துவிட்டார். யாரும் அவரை இப்போது கம்பி என்று கூப்பிடுவதில்லை. அந்தத் தெருவில் அவர் யார் என்றே தெரியாது. என்னைப் பார்த்ததும் "லாரி வரத்து எப்படி?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார்.

நான் போன நேரம் அவர் குளிக்கிற நேரம். அண்ணி வெந்நீரை வாளியில் ஊற்றிப் பச்சைத் தண்ணீர் விளாவினாள். நான் வாசல்படியில் உட்கார்ந்து அந்தப் பழைய குரலுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை. தம்பி போனதிலிருந்து 'சூடு இல்ல' என்கிற அந்த இரண்டு வார்த்தை அவள் வாயில் வருவதே இல்லை என்று பிறகு சொன்னாள்.

கம்பி அண்ணன் துண்டோடு வந்து வாளிக்கு முன்னால் நின்றார். உட்காரவில்லை.

"சூடா?" என்றார்.

மாப்பிள்ளை கேட்பானே, அதே கேள்வி. அவருக்கு அது தெரிந்ததா என்று தெரியவில்லை. அண்ணிக்குத் தெரிந்திருந்தது. அவள் குனிந்து, முழங்கை வரைக்கும் கையைத் தண்ணீருக்குள் விட்டாள். விட்டபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் உட்கார்ந்து முதல் சொம்பை மேலே ஊற்றிக்கொள்ளும் வரை அவள் கையை எடுக்கவில்லை.